சிங்கப்பூரில் முடிந்துபோன 18ஆம் டிவிஷன்

1939 செப்டம்பரில் உருவாகி 1942 பிப்ரவரி 15 அன்று சிறைப்பட்ட பிரிட்டனின் 18ஆம் காலாட்படை டிவிஷனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது. நார்ஃபோக், சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதி இளைஞர்கள் நிறைந்த படை அது. மத்திய கிழக்குக்கென்று 1941 அக்டோபரில் கப்பலேறியவர்கள், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் அமெரிக்கத் துருப்புக் கப்பல்களுக்கு மாறி, கேப் டவுனை நெருங்கிய வேளையில் ஜப்பான் போரில் இறங்கிவிட்டதால், கிழக்கு நோக்கித் திருப்பிவிடப்பட்டார்கள்.

அதன் ஓர் அங்கமான 53ஆம் பிரிகேட் 1942 ஜனவரி 13 அன்று சிங்கப்பூரில் இறங்கியது. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு உடல் தளர்ந்திருந்த அவர்களை, காட்டுப் போர்ப் பயிற்சி எதுவுமின்றி, சில நாட்களிலேயே மலாயாவின் தென்கோடியான ஜொகூர் களத்துக்கு அனுப்பினார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மற்றப் பிரிவுகளில் பெரும்பாலானவை ஜனவரி 29இல்தான் வந்தன. பிப்ரவரி 5 அன்று, எஞ்சியவர்களை ஏற்றிவந்த எம்ப்ரஸ் ஆஃப் ஏசியா கப்பல் குண்டுவீச்சில் எரிந்தபோது ஆட்களில் பெரும்பாலோர் தப்பினர். ஆயுதங்களும் தளவாடங்களும் கடலோடு போயின. ஜப்பானியர் சிங்கப்பூர்த் தீவின் வடகிழக்கில் இறங்குவார்கள் என்று கணித்த பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஜெனரல் பெர்சிவல் இந்த டிவிஷனை அங்கே நிறுத்தியிருக்க, ஜப்பானியரோ பிப்ரவரி 8 இரவில் வடமேற்கில் கரையேறினார்கள். ஒரே வாரத்தில் சரணடைவு.

டிவிஷன் தளபதி பெக்வித்-ஸ்மித் அவ்வாண்டு நவம்பரில் ஃபார்மோசா (இன்றைய தைவான்) போர்க்கைதி முகாமில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். வீரர்களில் பலர் ஜப்பானியர் அமைத்த சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியானதும் அதே பாதையில்தான். சிப்பாய்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.