சிறுபோகக் கூட்டமும் ஜோன் டூயியும்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அளவுகோலைப் பார்த்துச் சொல்லலாம். எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருடைய வயலுக்கு விடலாம் என்பது அந்த அளவுகோலில் எழுதியிருக்காது. மாரி முடிந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் செய்யும் சிறுபோக நெல்லுக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும்போது இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பொறியியலாளர் ஓர் எண்ணைச் சொல்கிறார், கமக்காரர் அமைப்புகள் இன்னொன்றைக் கேட்கின்றன, கடைசியில் குரல் பெரிதாக உள்ள இடத்தில் முடிவு போய் நிற்கிறது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டூயி (1859–1952) இதற்கு உதவுவார் என்று உறுதியாக நம்புகிறேன். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கருக்குப் படிப்பித்தவர் அவர். பொது விவகாரங்கள் சாதாரண சனத்தின் அறிவுக்கு எட்டாதவை, விசயம் தெரிந்தவர்களிடம் விடவேண்டியவை என்று 1920களில் அமெரிக்கப் பத்திரிகையாளர் வோல்ற்றர் லிப்மன் வாதாடினார். 1927இல் வந்த நூலில் டூயி மறுமொழி சொன்னார்: செருப்பு கடிக்கிறது, இன்ன இடத்தில் கடிக்கிறது என்பது போட்டிருப்பவருக்குத்தான் தெரியும்; அதைத் திருத்தும் வழி செருப்புத் தைப்பவருக்குத் தெரியும். இரண்டு அறிவும் வேண்டும். ஒன்று மற்றதின் இடத்தில் உட்காரக்கூடாது.

கூட்டத்தில் சொல்லப்படும் எண்ணை ஒருக்கால் பிரித்துப் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காக மட்டும், துருசின் (வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகின்) மட்டத்துக்கு மேலே 60,000 ஏக்கரடி தண்ணீர் இருப்பதாக வைப்போம். (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கரடி.) தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் நாலு மாதத்தில் 60 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அடி. நீர்ப்பரப்பு சராசரி 5,000 ஏக்கர் என்றால் 10,000 ஏக்கரடி அப்படியே போய்விடும். குடிநீர், கால்நடை, மீன் இவற்றுக்கு 6,000 ஒதுக்கினால் மிச்சம் 44,000. வாய்க்கால் இழப்போடு ஏக்கருக்கு 4 ஏக்கரடி போதும் என்றால் 11,000 ஏக்கர் செய்யலாம். 5 வேண்டும் என்றால் 8,800 தான். நாலா ஐந்தா என்ற ஒரே அனுமானத்தில் 2,200 ஏக்கர் தொங்குகிறது! ஆனால் கூட்டத்தில் ஏக்கர்தான் பேசப்படுகிறது, அந்த நாலையும் ஐந்தையும் யாரும் கேட்பதில்லை.

குளம் தட்டுப்போல விரிந்து கிடப்பதால் அடிக்கணக்கும் ஏமாற்றும். கட்டு உயர்த்தி 34 அடியை 36 ஆக்கியபோது கொள்ளளவு ஏறக்குறைய 131 மில்லியன் கன மீற்றரிலிருந்து 148 ஆனது. மேலுள்ள இரண்டு அடிக்குள் மட்டும் 17. பழைய 34 அடியில் அடிக்குச் சராசரி நாலுகூட இல்லை. ஆகவே "பாதி அடி இருக்கு, பாதி வயல் செய்யலாம்" என்ற பேச்சு தப்பு. பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் கிடையாது.

இவ்வளவும் அளவும் கணக்கும். குடிநீர், கால்நடை, மீன் இவற்றுக்கு 6,000 ஒதுக்குவதா 9,000 ஒதுக்குவதா என்று கேட்ட உடனே விஞ்ஞானம் நின்றுவிடும், அரசியல் தொடங்கும். அதைப் பொறியியலாளரின் வாயால் சொல்லவைப்பது அவருக்கும் அநியாயம், கமக்காரருக்கும் அநியாயம்.

ஒரு செயலைச் செய்பவர்களுக்கு வெளியே, அதன் விளைவு யார்மேல் போய் விழுகிறதோ அவர்கள் எல்லாரும் சேர்ந்ததே 'பொதுமக்கள்' என்பது டூயியின் வரையறை. அதை வைத்துக் கூட்ட மண்டபத்தைப் பார்த்தால் வெறும் கதிரைகள் தெரியும். காணிக்கு அரசாங்கம் கொடுத்த உத்தரவுப்பத்திரம் வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருக்கலாம், காணியைச் செய்வது குத்தகைக்காரர். கூட்டத்தில் அவருடைய பெயர் இல்லை. மேய்ச்சல் தரை போதாத வன்னியில் வயல் விதைத்தால் மாடுகளை எங்கே கொண்டுபோவது என்று மாட்டுப் பட்டிக்காரர் கேட்கிறார். குளத்தில் வலை போடுபவருக்குத் துருசு மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர்தான் சீவியம். இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தில் இரு பக்கமும் இவ்வளவு கசந்ததற்கு, குடிக்கப்போகிறவரும் விதைக்கிறவரும் ஒரே மேசையில் ஒரே கணக்கைப் பார்க்காததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான் கதவுகளை எப்போது திறப்பது என்ற கேள்வியும் அப்படித்தான் எழுந்தது: கதவின் முடிவு மேலே, வெள்ளம் குளத்துக்குக் கீழே ஆற்றோரம் உள்ள ஊர்களில்.

எந்தக் கொள்கையையும் பரிசோதனைபோல வைத்திருந்து, விளைவைக் கவனித்து மாற்றவேண்டும் என்றும் டூயி சொன்னார். கூட்டக் குறிப்பில் இதைச் செய்வது சுலபம். ஏக்கரோடு சேர்த்து ஏக்கருக்கு எத்தனை ஏக்கரடி, எத்தனை ஆவி, எத்தனை ஒதுக்கு என்ற மூன்று எண்களையும் எழுதவேண்டும். போகத்தில் குறித்த ஒரு திகதிக்குக் குளம் எத்தனை அடியில் நிற்கவேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதவேண்டும். அந்த அடி குறைந்தால், எழுதிய எண்களைத் திரும்பப் பார்ப்பதோடு பிழையை மூன்று இடத்தில் தேடலாம்: அனுமதிக்கு மேலே விதைத்த ஏக்கர், பிந்திய விதைப்பு, வயது கூடிய நெல். மூன்று மாத நெல்லினமான பிஜி 300 என்று தீர்மானித்த வாய்க்காலில் சிலர் மூன்றரை மாத பிஜி 352 போட்டால், அவர்களுக்காக மட்டும் இன்னும் இரண்டு முறை தண்ணீர் திறக்கவேண்டி வரும். அந்த இரண்டு முறையும் வாய்க்காலின் கடைசி வயலுக்குப் போகவேண்டியிருந்த தண்ணீர்.

அந்த மூன்று எண்களும் சோதிக்கும் திகதியும் ஒரு தாளில் அடங்கும். கமநல சேவை நிலையத்தின் சுவரிலும், ஒவ்வொரு வாய்க்கால் பலகையிலும் அதை ஒட்டவேண்டும். அடுத்த வருசக் கூட்டத்தை அந்தத் தாளை உரக்க வாசித்துத் தொடங்கவேண்டும்.