ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து: ஜிஜேஎஸ்ஸில் குறுக்கெழுத்துப் பலகை

எங்கள் வாசகர் வட்டத்துக்கு மாதம் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பது என் பொறுப்பு. கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் தாளே கிழிந்துவிடும். இந்த மாதம் அதற்கென்று ஒரு சின்ன செயலி செய்து பார்க்க உட்கார்ந்தேன். தெரிந்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஆனால் பிரவுசருக்குள் வேண்டாம், தனி ஜன்னலாகத் திறக்க வேண்டும் என்று ஆசை. அதனால் ஜிஜேஎஸ்.

ஃபயர்ஃபாக்ஸில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் அதே ஸ்பைடர்மங்கி எஞ்சினை வைத்து, ஜன்னல், பொத்தான், பெட்டிகளை வரைந்து தரும், சி மொழியில் எழுதிய ஜிடிகே நூலகத்தை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து நேரே கூப்பிட வைப்பதுதான் ஜிஜேஎஸ். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்புக்கு முகமாக 2011இல் வந்த க்னோம் ஷெல்லின் பெரும்பகுதி இதில் எழுதியதுதான். உபுண்டுவில் க்னோம் இருந்தாலே இதுவும் கூடவே இருக்கும், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. நூலகத்தில் என்னென்ன வகுப்பு, என்னென்ன ஃபங்ஷன் இருக்கிறது என்ற விவரக் கோப்பைப் படித்துத்தான் இது வேலை செய்கிறது. ஆகவே சி மொழிக்கான ஆவணத்தைப் பார்த்தே பாதி நிரலை எழுதிவிடலாம். எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

ஏழுக்கு ஏழு, மொத்தம் 49 என்ட்ரி பெட்டிகளை (எழுத்து அடிக்கும் பெட்டிகள்) கிரிட்டில், அதாவது வரிசையும் நிரலுமாக, அடுக்கினேன். ஒவ்வொரு பெட்டியும் நீளமாக வந்து, ஜன்னல் திரையைத் தாண்டிப் போனது. அகலத்தை இரண்டு எழுத்தளவுக்குக் குறைத்ததும் அடங்கியது. பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4இல், உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே அடியாகக் காட்டும் 'ஷோ ஆல்' கிடையாது. உள்ளே வைக்கும் பெட்டிகள் தாமாகவே தெரியும்.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்துதானே, பெட்டியின் அதிகபட்ச நீளத்தை 1 என்று வைத்தேன். 'ம' விழுந்தது. 'மி' விழவில்லை. யூனிகோடில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஜிடிகே அந்தக் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டும் அப்படித்தான்: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. புள்ளி வைத்த எழுத்தே எழுத முடியாத குறுக்கெழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீள வரம்பை எடுத்துவிட்டேன். பெட்டியில் உள்ளதை ஒரு ரீஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் சூத்திரம்) மூலம் பிரித்தேன்: குறி அல்லாத ஒன்று, அதைத் தொடரும் குறிகள் எத்தனை இருந்தாலும் அத்தனையும். இப்போது 'தமிழ்' மூன்றாகப் பிரிகிறது. 'ஸ்ரீ' மட்டும் இரண்டு கட்டமாகிறது; அப்படிப்பட்ட சொல்லைப் புதிரில் நான் சேர்ப்பதில்லை, சரி, போகட்டும்.

அடுத்த கேள்வி, எழுத்து எப்போது முடிந்தது என்று தெரிவது எப்படி? 'ம' அடித்ததும் அடுத்த கட்டத்துக்குத் தாவினால், பின்னால் வரும் குறிக்கு இடமில்லை. அதனால் தாவாமல் காத்திருக்க வைத்தேன். இரண்டாவது எழுத்து வந்த பிறகுதான் அது வழிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும். 'மழை' என்று அடித்துப் பார்த்தேன். 'ம' நின்றது, 'ழ' அடுத்த கட்டத்துக்குப் போனது, ஐகாரக் குறியை அடித்ததும் 'ழ' காணாமல் போனது! ஒரு மாலை முழுக்க இதிலேயே போயிற்று. ஃபோகஸ் வந்ததும், அதாவது அடிப்பது தன்னிடம் விழும் நிலை வந்ததும், பெட்டி தன் உள்ளடக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அதனால் அடுத்து அடிப்பது அதை அழித்துவிடுகிறது. தேர்ந்தெடுக்காமல் ஃபோகஸ் தருவதற்கென்றே ஜிடிகேவில் தனி ஃபங்ஷன் இருக்கிறது. அதைப் போட்டு, கர்சரையும் எழுத்துக்குப் பின்னால் தள்ளியதும் 'ழை' அழகாகச் சேர்ந்தது. பெட்டியில் உள்ளது மாறும் அந்த நொடியிலேயே உரையைத் திருத்தினால் கர்சர் இடம் பிசகுகிறது என்பதால், இந்த வேலை மொத்தத்தையும் கைவேலை முடிந்து ஓய்ந்ததும் செய்யச் சொல்லும் ஐடில் ஆட் வழியாகச் சற்றுத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

விடை சரிபார்ப்பதில் ஒரு சிக்கல். 'கொ'வை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒப்பிட்டால் வேறு வேறு என்று வரும். இரண்டு பக்கமும் 'நார்மலைஸ்' செய்து, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது.

கடைசியாக அச்சு. படம் வரையும் நூலகமான கெய்ரோவில் நேரடியாக எழுத வைத்தபோது 'கெண்டை'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கும் வேலையை கெய்ரோவின் அந்த எளிய வழி செய்வதில்லை. எழுத்துகளைச் சேர்த்து அடுக்கித் தரும் நூலகமான பேங்கோவின் லேஅவுட் வழியாக வரைந்ததும் கொம்பு முன்னால் வந்துவிட்டது. நேற்று இரவு முதல் தாளை அச்சிட்டுக் கையில் எடுத்துப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

இடமிருந்து வலம் மட்டும்தான் இப்போது எழுத்து வழிகிறது. மேலிருந்து கீழுக்கு இந்த வாரம் எழுத வேண்டும். அடுத்த கட்டம் எது என்று சொல்லும் ஃபங்ஷன் ஒன்றை மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.