குரங்குத் தீவுக்குத் திரும்பும் நாள்கள்: ஒரு காரைக்குடிக் குறிப்பேடு

ஏப்ரல் 5, 2022, செவ்வாய்

முட்டாள்கள் தினத்தன்று, 'மங்கி ஐலண்ட்' (குரங்குத் தீவு) என்ற கடற்கொள்ளையர் கணினி ஆட்டத்தை உருவாக்கிய ரான் கில்பர்ட் தன் வலைப்பூவில் இன்னொரு மங்கி ஐலண்ட் செய்யப்போவதாக எழுதினார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நேற்று டீசர் வந்துவிட்டது. பேசும் மண்டையோடு மர்ரே, வெளியீட்டாளர் டெவால்வர் டிஜிட்டலின் பெயர், லூகாஸ்ஃபிலிம் கேம்ஸின் பெயர், ஆண்டு 2022. இனிச் சந்தேகமில்லை, 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' வருகிறது.

இது ஏன் பெரிய செய்தி என்று புதியவர்கள் கேட்கிறார்கள். முதல் ஆட்டம் 1990இல் வந்தது, இரண்டாவது 1991இல். 1992இல் கில்பர்ட் அவற்றைச் செய்த நிறுவனமான லூகாஸ் ஆர்ட்ஸை விட்டு வெளியேறினார். அதன்பின் 1997, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்றையும் மற்றவர்கள் செய்தார்கள். முதல் இரண்டையும் அவரோடு எழுதிய டேவ் கிராஸ்மன் இப்போது மீண்டும் உடன் எழுதுகிறார். இசைக்கு மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல், கிளின்ட் பஜாகியன் மூவரும் திரும்பியிருக்கிறார்கள். 1997 முதல் கதாநாயகன் கைபிரஷ் திரீப்வுட்டுக்குக் குரல் கொடுத்துவரும் டொமினிக் அர்மாட்டோவும் இருக்கிறார். 1991இல் தொங்கவிட்ட முடிச்சை, போட்டவரே அவிழ்க்க வருகிறார்.

மே 15, 2022, ஞாயிறு

புதியது வருவதற்குள் பழையவற்றை ஆடிவிட நினைப்பவர்களுக்கு இன்றைய குறிப்பு. பழைய ஆட்டங்களை இன்றைய விண்டோஸில் நேரடியாக ஓட்ட முயன்றால் தலைவலிதான் மிஞ்சும். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரிஜினல் ஆட்டத்தின் தரவுக் கோப்புகளை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், ஆட்டத்தை ஓட்டுவது அதன் சொந்த எஞ்சின். பத்து வருடப் பழைய மடிக்கணினியிலும் தங்குதடையின்றி ஓடும்.

கோப்புகளை ஒரு தனிக் கோப்புறையில் வையுங்கள். ஸ்கம்விஎம்மில் 'ஆட் கேம்' அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் ஆட்டத்தை அதுவே அடையாளம் காணும். மூன்றாவது ஆட்டமான 'கர்ஸ்' இரண்டு குறுந்தகடுகளில் வந்தது. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். எல்ஏ1 என முடியும் கோப்பு முதல் தகட்டில், எல்ஏ2 என முடிவது இரண்டாம் தகட்டில். எல்ஏ0 கோப்பையும் சேர்த்து மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு தகடுகளிலும் 'ரிசோர்ஸ்' கோப்புறை உண்டு. அவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு தகட்டை மட்டும் நகலெடுத்தால் ஆட்டம் தொடங்கிவிடும், பாதியில் நின்றுவிடும்.

அடுத்தது படத்தின் வடிவம். முதல் இரண்டு ஆட்டங்களின் படம் 320க்கு 200 புள்ளிகள். அந்தக் காலத்து 4:3 திரையில் அது 320க்கு 240 போல நீண்டு தெரிந்தது. இன்றைய திரையில் அப்படியே போட்டால் முகங்கள் தட்டையாகிவிடும். கிராஃபிக்ஸ் அமைப்பில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்' என்பதை மறக்காமல் டிக் செய்யுங்கள். கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தினால் சேமிக்கும் பட்டியல் வரும். ஒரு வசனத்தைத் தாண்ட முற்றுப்புள்ளி விசை, காட்சி முழுவதையும் தாண்ட எஸ்கேப்.

இரண்டாவது ஆட்டத்தை ஹெட்போனில் கேளுங்கள். காட்சிக்கேற்ப இசையை மாற்றும், லேண்டும் மெக்கானலும் செய்த ஐமியூஸ் முறை முதலில் வந்தது அதில்தான். ஆட்டத்தில் வரும் வுட்டிக் ஊரில் ஒரு கடையிலிருந்து அடுத்ததற்குள் நுழையும்போது பாட்டு அறுபடாமல் வேறு வாத்தியத்துக்கு மாறும். 1991இல் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது இன்றும் வியப்புதான்.

ஜூலை 2, 2022, சனி

செவ்வாய்க்கிழமை ஆட்டக் காட்சிகள் வெளியாயின. இரண்டே நாளில் கில்பர்ட்டின் வலைப்பூவில் கருத்துப் பகுதி மூடப்பட்டது. தனிப்பட்ட வசைகள் அந்த அளவுக்குப் போயிருந்தன. இனி இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். இவ்வளவும் ஓவியப் பாணிக்காக.

கோபத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 2013இல் இதே வலைப்பூவில், இன்னொரு மங்கி ஐலண்ட் செய்தால் அது பழைய பாணிப் புள்ளி ஓவிய (பிக்சல்) ஆட்டமாக இருக்கும் என்று அவர் எழுதியிருந்தார். ரசிகர்கள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2017இல் 'திம்பிள்வீட் பார்க்' மூலம் புள்ளி ஓவியத்தில் அவர் ஒரு முழு ஆட்டத்தையே செய்து முடித்துவிட்டார். ஒன்பது வருடத்தில் ஒரு படைப்பாளி மனம் மாறுவதைத் துரோகம் என்று சொல்வது நியாயமில்லை.

இந்தத் தொடரில் எந்த ஆட்டம் முந்தையதைப் போல இருந்தது? முதலாவது 16 நிறங்களில் தொடங்கியது. இரண்டாவது, கையால் தீட்டிய ஓவியங்களை ஸ்கேன் செய்து 256 நிறங்களில் வந்தது. மூன்றாவது கார்ட்டூன். நான்காவது முப்பரிமாணம். ஐந்தாவது ஐந்து தவணைகளாக வந்த முப்பரிமாணம். இப்போது வரைந்திருப்பவர் 'டேரவே', 'நைட்ஸ் அண்ட் பைக்ஸ்' செய்த ரெக்ஸ் கிரௌல். காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியது போன்ற கோணல் கோடுகள். முதல் ஆட்டத்தின் புள்ளிகள் ஏக்கத்துக்காக வைத்தவை அல்ல, அன்றைக்குக் கிடைத்த மிகச் சிறந்த வசதி அவை. பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. செய்தவரை ஏசுவதற்கு இல்லை.

செப்டம்பர் 18, 2022, ஞாயிறு

நாளை வெளியீடு. விண்டோஸ், மேக், நின்டெண்டோ ஸ்விட்ச். முன்பதிவு செய்தவர்களுக்குக் குதிரைக் கவசம் ஒன்று பையில் வரும். அதனால் ஒரு பயனும் இல்லை, அதைத் தேடி மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கனத்துக்கு வைஃபை தாங்காது. ரவுட்டரை முகப்பில் வைத்துவிட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்தால் தரவிறக்கம் அறுந்து அறுந்துதான் வரும். ரவுட்டரை வளவுப் பக்கம் திறந்த இடத்துக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் கேபிள் இழுங்கள். அதுவும் முடியாதென்றால் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4க்கு மாறுங்கள். வேகம் குறையும், ஆனால் சுவரைக் கொஞ்சமாவது துளைக்கும்.

பராமரிப்பு மின்தடை உள்ள நாளில் பகலெல்லாம் இணையம் இருக்காது. ஆகவே இறக்கி முடித்ததும், இணையம் இருக்கும்போதே ஒருமுறை ஆட்டத்தைத் திறந்து மூடிவிடுங்கள். பிறகு, ஆட்டங்களை வாங்கி இறக்கும் ஸ்டீம் மென்பொருளில் 'கோ ஆஃப்லைன்' கொடுத்தால் பேட்டரி உள்ளவரை ஆடலாம்.

செப்டம்பர் 22, 2022, வியாழன்

முதல் ஆட்டத்தில் திரையின் கீழே 12 வினைச்சொற்கள் இருந்தன. இரண்டாவதில் 9. மூன்றாவதில் கை, கண், வாய் என 3. இந்தப் புதிய ஆட்டத்தில் சொல்லே இல்லை, சுட்டியின் இரண்டு பொத்தான்கள்தான். ஆட்டம் எளிதாகிவிட்டது என்று குறைப்படுகிறார்கள். கவனித்து ஆடினால் வேறு ஒன்று தெரியும். ஒரு பொருளின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால், 'பார்', 'எடு' என்பதற்குப் பதிலாக அந்தக் கணத்தில் கைபிரஷின் மனதில் ஓடும் எண்ணம் ஒரு வாக்கியமாக வருகிறது. ஒருமுறை தொட்டபின் வாக்கியம் மாறுகிறது. அப்படி மாறினால் அங்கே இன்னும் விஷயம் இருக்கிறது என்று பொருள். பலர் இந்த வரிகளைப் படிக்காமல் சொடுக்கிக்கொண்டே போகிறார்கள், பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

தொடக்கத்தில் எளிய முறையா கடின முறையா என்று கேட்கும். பழைய ஆட்டங்கள் ஆடியவர்கள் தயங்காமல் கடினத்தை எடுங்கள். எளிய முறையில் புதிர்களின் இடைப்படிகளை உருவிவிடுகிறார்கள். எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது மிஞ்சும், அதை எப்படி அடைவது என்ற சுவை போய்விடும். அமைப்பில் 'ரைட்டர்ஸ் கட்' என்ற தேர்வும் உண்டு. கூடுதல் வசனங்கள் வரும். முதல்முறை ஆடும்போது அது வேண்டாம், வேகம் தளரும்.

செப்டம்பர் 27, 2022, செவ்வாய்

புதிய ஆட்டத்தின் நான்காம் பாகத்தில் எல்லோரும் மாட்டி நிற்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் போகுமே, முதல் மூன்று பாகங்கள் அப்படித்தான். நான்காவதில் நீங்கள் வளவின் நடுவில் நிற்கிறீர்கள், சுற்றிலும் பூட்டிய அறைகள். ஐந்து தங்கச் சாவிகளைத் தேட வேண்டும். கப்பல் உங்கள் கையில், எந்தத் தீவுக்கும் போகலாம்.

இங்கே மாட்டிக்கொள்வதற்குக் காரணம் புதிரின் கடினமல்ல. ஐந்து நூல்களையும் ஒரே நேரத்தில் பிடித்து இழுப்பதுதான். ஒரு சாவியை எடுத்துக்கொண்டு அதன் நூல் அறும்வரை போங்கள். அறுந்த இடத்தில் என்ன தேவைப்பட்டது என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்கு மாறுங்கள். பையிலேயே செய்யவேண்டியவை பட்டியல் இருக்கிறது, நாலு நாள் விட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஒவ்வொரு சாவி கிடைத்தபின்னும் மெலே தீவுக்கு ஒருமுறை போய் எல்லோரிடமும் பேசுங்கள். பூட்டுக்கடையை விட்டுவிடாதீர்கள்.

அப்படியும் நகரவில்லையா? மாந்திரீகப் பெண்மணியின் கடையில் குறிப்புப் புத்தகம் கிடைக்கும். இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் இப்போது நிற்கும் புதிருக்கு மட்டுமே குறிப்புத் தரும், அதையும் படிப்படியாக. முதல் வரி திசை காட்டும், கடைசி வரிதான் விடை. முதல் வரியோடு மூடிவைத்துவிட்டு யோசியுங்கள். இணையத்தில் விடை தேடினால் அடுத்த மூன்று புதிர்களின் விடையும் கண்ணில் பட்டு ஆட்டமே பாழாகும். அந்தப் பாழைத் தடுக்கவே இதை உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 4, 2022, செவ்வாய்

ஆயுத பூஜை. கணினிக்குச் சந்தனம், குங்குமம். ஆட்டம் இல்லை.

அக்டோபர் 9, 2022, ஞாயிறு

முடிவைப் பற்றி எழுதுகிறேன். இன்னும் முடிக்காதவர்கள் இந்தத் தேதியைத் தாண்டிவிடுங்கள்.

1991இல் இரண்டாவது ஆட்டம் கைபிரஷையும் அவன் எதிரியான பேய்க் கொள்ளையன் லெசக்கையும் பொருட்காட்சியில் நிற்கும் இரண்டு சிறுவர்களாக மாற்றிவிட்டு முடிந்தது. மூன்றாவது ஆட்டத்தைச் செய்தவர்கள் அதை மந்திர மாயம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். கில்பர்ட் அந்தக் காட்சியிலிருந்தே தொடங்குகிறார். அந்தச் சிறுவர்கள் கைபிரஷின் மகனும் அவன் நண்பனும், அப்பாவின் கதையை நடித்து விளையாடுகிறார்கள். பிறகு முழு ஆட்டமும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அப்பா மகனுக்குச் சொல்லும் கதை. கடைசிக் கதவைத் திறந்தால் மீண்டும் பொருட்காட்சிச் சந்து. ரகசியப் பெட்டிக்குள் ஒரு டி சர்ட்.

விமர்சகர்கள் பாராட்டினார்கள், சராசரி 100க்கு 80ஐத் தாண்டி நிற்கிறது. ஆடியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 31 வருடம் காத்திருந்தவர்களுக்கு ஒரு டி சர்ட்டா என்று கொதிப்பவர்களை எனக்குப் புரிகிறது. லெசக்கோடு இறுதி மோதல் இல்லை என்பதும் உண்மையான குறைதான். இந்த ஆட்டத்தின் ஐந்து பாகமும் துரத்தியவனைப் பாதி வழியில் விட்டுவிட்டு வருவது ஏமாற்றமாக இருக்கிறது.

ஆனால் முடிவு நேர்மையானது என்பதில் எனக்கு உறுதி. இதைவிடப் பெரிய புதையல் எதை வைத்திருந்தாலும், ஒவ்வொருவரும் மனதில் கட்டிவைத்திருந்ததற்கு ஈடாகாது. மங்கி ஐலண்டில் நடந்துபோகும்போது, ரகசியத்துக்காக நீ என்னவெல்லாம் உடைத்துவிட்டு வந்திருக்கிறாய் என்று கைபிரஷின் மனைவி எலேன் கோபப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்கிறாளே, அங்கேயே ஆட்டம் இதைச் சொல்லிவிட்டது. அந்தப் பேச்சை எஸ்கேப் அழுத்தித் தாண்டியவர்களுக்குத்தான் முடிவு திடீரென்று வந்ததுபோல் இருக்கும்.

இதேபோல் ரசிகர்களைக் காக்கவைத்த இன்னொரு ஆட்டத் தொடரின் 'ஷென்மூ 3' நினைவுக்கு வருகிறது. இரண்டாவது வந்த 2001க்குப் பிறகு 18 வருடம், ரசிகர்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி 2019இல் வந்தது. பழைய உருவத்தை அப்படியே காப்பாற்றியது, கதையை மட்டும் முடிக்கவில்லை. இரண்டில் எது காத்திருந்தவர்களுக்குக் கூடுதல் மரியாதை செய்தது? எனக்கு ரிட்டர்ன்தான்.

ஒரு செய்முறைக் குறிப்பு: கடைசிக் கதவுக்கு முன்னால் தனி இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தில் என்ன செய்கிறீர்கள், உண்மையான ரகசியம் என்ன என்று மகன் கேட்கும்போது என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அந்தக் கதவு வழியே திரும்பிப் போவதையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

ஜூலை 30, 2023, ஞாயிறு

வியாழக்கிழமை ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் வந்துவிட்டது. கணினி இல்லாத பிள்ளைகள் இனி ஆடலாம். தமிழ் வசன வரிகள் இல்லை, ஆங்கிலத்தில் படித்துத்தான் ஆட வேண்டும். சிறு குழந்தைகளோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்து வாசித்துச் சொன்னால் நல்லது.

கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டது: "அண்ணே, பழசெல்லாம் ஆடாம நேரா இதை ஆடலாமா?"

ஆடலாம் தம்பி. முன்கதையைச் சொல்ல ஸ்கிராப்புக் ஒன்று முகப்புப் பட்டியலிலேயே இருக்கு. ஆனா முடிவு நெஞ்சுல தைக்கணும்னா முதல் ரெண்டையும் வரிசையா ஆடிட்டு வாங்க. மூணாவது நேரம் இருந்தா. நாலும் அஞ்சும் பிறகு பார்த்துக்கலாம்.