தலைப்புல ஒரு நிறம் இருக்கணுமாம்

எங்க காலேஜ் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல கொஞ்ச நாளா ஒரு விளையாட்டு ஓடிட்டு இருக்கு. காலைல ஒருத்தன் ஒரு தலைப்பு கொடுப்பான், அதுக்கு பொருந்தற மாதிரி ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள ஆளுக்கு ஒரு ராக் பாட்டு போடணும், ஏன் இந்த பாட்டுன்னு ரெண்டு வரியாவது எழுதணும், சும்மா லிங்க்கை போட்டுட்டு ஓடக்கூடாது. ஒருத்தன் ஒரு பேண்டை ஒரு தடவை தான் போடலாம். இந்த கடைசி ரூல் தான் விஷம், ஏன்னா குரூப்ல பாதி பேருக்கு பிங்க் ஃபிளாய்டை விட்டா வேற உலகமே கிடையாது.

நெட்ல பல வருஷமா சுத்தற அந்த 30 நாள் பாட்டு சேலஞ்ச் தான் இது, நாங்க ராக்கோட நிறுத்திக்கிட்டோம் அவ்ளோதான். ஆரம்பத்துல எனக்கு பெருசா இஷ்டமில்ல. நாப்பத தாண்டின ஆளுங்க ஆபீஸ் நேரத்துல உக்காந்து பாட்டு தேடறதாவது. ஆனா விளையாட விளையாட ஒண்ணு பிடிபட்டுச்சு, தலைப்பு எவ்ளோ மொக்கையா இருக்கோ அவ்ளோ நல்ல பாட்டு வருது. "சோகமான பாட்டு"ன்னு கொடுத்தா எல்லாரும் அதே அஞ்சாறு பாட்டை போடுவோம், "எப்பவுமே சலிக்காத பாட்டு"ன்னா ஹோட்டல் கலிஃபோர்னியா வந்து நிக்கும் (நம்ம ஊர் காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கிட்டார் தூக்கின ஒவ்வொருத்தனும் வாசிச்சு வாசிச்சு அதை என்ன பாடு படுத்தியிருக்கான்னு உங்களுக்கே தெரியும்). அதே "தலைப்புல ஒரு நிறம் இருக்கணும்"னு அர்த்தமே இல்லாம ஒண்ணு கொடுத்தா, பீரோவை கவுத்துப் போட்ட மாதிரி என்னென்னவோ வெளிய வந்து விழுது.

நிறத்துக்கு மூணு பேர் ரோலிங் ஸ்டோன்ஸோட பெயிண்ட் இட் பிளாக் போட்டானுங்க. நல்ல பாட்டு தான், 1966லயே பிரையன் ஜோன்ஸ் சிதாரை எடுத்து அப்படி ஒரு கோவமான வேலைக்கு வச்சது பெரிய விஷயம், இல்லைங்கல. நான் போட்டது பிளாக் சபாத். பேண்ட் பேரும் அதான், முதல் ஆல்பம் பேரும் அதான், அதுல முதல் பாட்டு பேரும் அதான். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையா பாத்து ரிலீஸ் பண்ணாங்க. மழை, இடி, தூரத்துல கோயில் மணி, அப்புறம் அந்த மூணு சுரம். நம்ம கர்நாடக சங்கீத காதுக்கு அது ச, மேல் ச, அங்கேர்ந்து இறங்கி பிரதி மத்யமம் (பெரிய ம), அவ்ளோதான். ச, பிரதி மத்யமம் ரெண்டையும் வச்சு நாம கல்யாணி, பூர்விகல்யாணின்னு கண்ணு கலங்க வைப்போம், பர்மிங்காம்ல நாலு ஏழைப் பசங்க அதே இடைவெளியை வச்சு ஊரையே பயமுறுத்தியிருக்கானுங்க.

அந்த கிட்டார் டோனி ஐயோமி. பதினேழு வயசுல இரும்புத் தகடு ஃபேக்டரில வேலை, வேலையை விட்டு நிக்கப்போற கடைசி நாள் அன்னிக்கு மெஷின்ல மாட்டி வலது கைல நடு விரல், மோதிர விரல் ரெண்டுக்கும் நுனி போயிடுச்சு. ஆளு இடது கைப் பழக்கம், அதனால தந்தியை அழுத்தற கையே அந்த வலது கை தான். இனிமே முடியாதுன்னு கிடந்தவருக்கு ஃபேக்டரி ஃபோர்மேன் ஒரு ரெக்கார்டு கொண்டு வந்து போட்டுக் காட்டியிருக்கார், ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்துல ரெண்டு விரல் செயலிழந்தும் அப்படி வாசிச்ச மனுஷன். அப்புறம் ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டி, மெல்லிசான தந்தி மாட்டி வாசிக்க ஆரம்பிச்சார், பின்னாடி தந்தியை இன்னும் தளர்த்தி சுருதியை கீழ இறக்கினார். ஹெவி மெட்டல்னு இன்னிக்கு நாம சொல்ற அந்த கனத்துல ஒரு பங்கு அந்த விரல் வலிலேர்ந்து வந்தது. இதை ரெண்டு வரில எழுதுன்னா எப்படி எழுதறது, நான் ரெண்டு ஸ்க்ரோலுக்கு எழுதினேன், ஒருத்தன் "டேய் டீச்சர் வந்துட்டார்டா"ன்னு போட்டான்.

எண் இருக்கற பாட்டுக்கு சிகாகோங்கற பேண்டோட 25 ஆர் 6 டு 4. அந்த பேண்டு ராபர்ட் லாம் நடுராத்திரி உக்காந்து பாட்டு எழுத முடியாம முழிச்சுட்டு, மணியை பாத்தா நாலடிக்க இருபத்தஞ்சு நிமிஷமோ இருபத்தாறு நிமிஷமோ இருக்கு, அதையே தலைப்பா வச்சுட்டார். டெர்ரி காத்தோட வாவா பெடல் கிட்டார் சோலோவுக்காக மட்டுமே கேக்கலாம். அடுத்து போவோம்.

"சத்தமா வச்சே தீரணும்"ங்கற நாள் தான் எனக்கு கொண்டாட்டம். வென் த லெவி பிரேக்ஸ், லெட் செப்பலின், 1971. இங்கிலாந்துல ஹெட்லி கிரேஞ்ச்னு ஒரு பழைய பெரிய வீடு, அதோட ஹால்ல மாடிப்படிக்கு கீழ ஜான் பான்ஹமை ட்ரம்ஸோட உக்கார வச்சு, மாடிலேர்ந்து ரெண்டு மைக்கை தொங்க விட்டு ரெக்கார்டு பண்ணாங்க. அந்த டும்முக்கு பாதி காரணம் பான்ஹம் கால், மீதி பாதி அந்த மாடிப்படியோட எதிரொலி. ஹெட்ஃபோன்ல வேண்டாம், ஸ்பீக்கர்ல வச்சு கொஞ்சம் தள்ளி உக்காந்து கேளுங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினா பாத்துக்கலாம். பாட்டு செப்பலினோட சொந்தமும் இல்ல, 1927ல மிசிசிப்பி ஆத்துல வந்த பெருவெள்ளத்தை வச்சு கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929ல ரெக்கார்டு பண்ண ப்ளூஸ். கரை உடைஞ்சா நமக்கு தங்க இடமில்லங்கறது தான் விஷயம். 2015 டிசம்பர்ல சென்னைல மாடில உக்காந்து தண்ணி ஏறறதை பாத்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. ரெண்டு வெர்ஷனையும் அடுத்தடுத்து கேளுங்க, பழசுல மெம்ஃபிஸ் மின்னியோட கிட்டார் துள்ளிக்கிட்டு ஓடும், சோகத்தை இவ்ளோ லேசா வாசிக்க முடியுமான்னு இருக்கும்.

கார் ஓட்டறப்போ கேக்கற பாட்டுக்கு எல்லாரும் ஹைவே ஸ்டார். டீப் பர்ப்பிள்காரங்க டூர் பஸ்ல போயிட்டு இருக்கறப்போ, எப்படி பாட்டு போடறீங்கன்னு ஒரு பத்திரிகைக்காரர் கேக்க, இப்படித்தான்னு அங்கயே கிட்டாரை எடுத்து ஆரம்பிச்சதாம். ஆனா சென்னை ஜிஎஸ்டி ரோட்ல சாயங்காலம் ஆறரை டிராஃபிக்ல அதை கேட்டா பிபி தான் ஏறும்.

பெரிய சண்டை வந்தது "வார்த்தை இல்லாத பாட்டு"க்கு. டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோல இருக்கற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர், எங்க கூட சென்னைல படிச்சவர், ரஷ் பேண்டோட ஒய் ஒய் இசட் போட்டார். 1981 பாட்டு. அந்த மூணு எழுத்து டொரண்டோ பியர்சன் ஏர்போர்ட்டோட கோட், லக்கேஜ் டேக்ல இருக்குமே அதே. அதை மோர்ஸ் கோட்ல அடிச்சா என்ன தாளம் வருதோ அதான் பாட்டோட தொடக்கம், கணக்கு போட்டா பத்து வரும், அஞ்சஞ்சா எண்ணற நம்ம கண்ட நடை ஆளுங்க பட்டுனு பிடிச்சிடுவாங்க. "நான் முதன்முதலா வந்து இறங்கின எயார்போர்ட், இதைப் போடாமல் வேற எதைப் போடச் சொல்லுறியள்"னு எழுதியிருந்தார். அன்னிக்கு அதுக்கு விழுந்த ஹார்ட்டு வேற எதுக்கும் விழல.

நான் போட்டது த கிரேட் கிக் இன் த ஸ்கை, என் ஒரே பிங்க் ஃபிளாய்ட் சான்ஸை அதுல தான் செலவழிச்சேன். உடனே "பாட்றாங்களேடா, இது எப்படி வார்த்தையில்லாத பாட்டு"ன்னு ஆரம்பிச்சானுங்க. குரல் இருக்கு, வார்த்தை இல்ல, அவ்ளோதான், நடுவுல யாரோ பேசறது பாட்டுல சேராதுங்கறது என் கட்சி. 1973 ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை, கிளேர் டோரின்னு ஒரு செஷன் பாடகியை கூப்பிட்டு, ரிச்சர்ட் ரைட்டோட பியானோவுக்கு மேல எதையாவது பாடு ஆனா வார்த்தை வேணாம்னு சொல்லியிருக்காங்க. அந்தம்மா தன்னையே ஒரு வாத்தியமா நினைச்சுக்கிட்டு கத்தி, அழுது, அடங்கி, திரும்ப எழுந்து பாடிட்டு, இதையெல்லாம் வைக்க மாட்டாங்கன்னு நினைச்சுட்டு வீட்டுக்கு போயிட்டாங்க. சம்பளம் 30 பவுண்டு. ஆல்பம் கோடிக்கணக்குல வித்துச்சு. 2004ல கேஸ் போட்டாங்க, 2005ல சமரசம் ஆகி, இப்போ அந்த பாட்டுல ரைட் பேரோட அவங்க பேரும் இசையமைச்சவரா இருக்கு. அவங்க பாடினது ஆலாபனை, ராகத்தை ஆலாபனை பண்றவங்க தானே அதை உண்டாக்கறாங்க, முப்பது பவுண்டு கொடுத்துட்டு அது எங்க பாட்டுன்னா எப்படி. இதை சொன்னதும் குரூப்ல சத்தம் அடங்கிடுச்சு, இல்ல எல்லாரும் தூங்கப் போயிட்டானுங்களான்னு தெரியல.

இதே வழில "கூட பாடறவங்க மெயின் ஆளை தூக்கி சாப்ட்ட பாட்டு"ன்னு நான் ஒரு தலைப்பு கொடுத்தேன், மனசுல ரோலிங் ஸ்டோன்ஸோட கிம்மி ஷெல்டரை வச்சுக்கிட்டு தான். 1969, லாஸ் ஏஞ்சலஸ், நடுராத்திரி போன் பண்ணி எழுப்பி வரச் சொல்றாங்க, மெர்ரி கிளேட்டன் வயித்துல பிள்ளையோட, தலைல கர்லரோட வந்து பாடறாங்க. உச்சத்துல குரல் உடையுது. அதை எடுக்காம அப்படியே விட்டிருக்காங்க, உடைஞ்ச அடுத்த நொடி பின்னாடி மிக் ஜாகர் ஆச்சரியத்துல கத்தறதும் ரெக்கார்டுலயே கேக்குது. இப்போன்னா அந்த குரலை ஆட்டோடியூன் போட்டு தேச்சு மினுக்கியிருப்பானுங்க.

அடுத்தவங்க பாட்டை பாடினது, அதாவது கவர், அதுக்கு பேச்சே வேணாம், ஆல் அலாங் த வாட்ச்டவர். பாப் டிலன் 1967 கடைசில வெளியிட்டாரு, 1968லயே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எடுத்து வேற பாட்டாவே ஆக்கிட்டார், அப்புறம் டிலனே மேடைல ஹெண்ட்ரிக்ஸ் பாணில பாட ஆரம்பிச்சாரு.

நாளைக்கு தலைப்பு "ஆள் பேர் இருக்கற பாட்டு". த போலீஸ் பேண்டோட ராக்ஸான் போடலாமான்னு ஒரு யோசனை, ஆரம்பத்துல ஸ்டிங் தெரியாம பியானோ கட்டை மேல உக்காந்துட்டு சிரிக்கறது அப்படியே இருக்கு, அதுக்காகவே பிடிக்கும். இல்லன்னா லைலா. பாரசீகக் கவிஞர் நிஜாமி எழுதின அதே லைலா மஜ்னு கதை தான், எரிக் கிளாப்டன் தன் ஃபிரண்டு, பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனோட மனைவியை நினைச்சு உருகி எழுதினது, அதுல டுவேன் ஆல்மனோட ஸ்லைடு கிட்டார் கடைசில பறவை மாதிரி கத்தும். லைலாங்கற பேர் பாட்டோட முதல் பாதிலயே முடிஞ்சாலும் பின்னாடி வர்ற அந்த பியானோ பகுதிக்காக மீதியையும் கேக்கணும். ஒரு ஓட்டு போட்டுட்டு போங்க, ஆனா ஏஞ்சின்னு மட்டும் சொல்லாதீங்க, ரோலிங் ஸ்டோன்ஸ் கோட்டாவை நான் ஏற்கெனவே கிம்மி ஷெல்டருக்கு காலி பண்ணிட்டேன்.