தோடம்பழ அளவு நிலா

போயா என்னும் முழுநிலா தினத்துக்கு முந்தைய மாலையில் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் எடுத்த இரண்டு படங்கள் என் மேசையில் அருகருகே கிடக்கின்றன. மணலில் பத்து மீட்டர் தள்ளி நின்ற மகனை, கடலுக்கு மேலே நிலா தெரிய, முதலில் 35 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்தேன். நிலா வெறும் வெள்ளைப் புள்ளியாக விழுந்தது. நின்ற இடத்தை விட்டு அசையாமல் 200 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி மறுபடி எடுத்தபோது நிலா பெருத்தது, ஆனால் மகனும் அதே மடங்கு பெருத்துப் படத்தை நிரப்பிவிட்டான். அவனுடைய தோளுக்கு அருகே வைத்துப் பார்த்தால் இரண்டு படத்திலும் நிலா ஒரு தோடம்பழ அளவுதான். முதற்படத்தின் நடுப்பகுதியைக் கணினியில் வெட்டிப் பெருப்பித்தேன். தெளிவு குறைந்ததே தவிர, அளவுப் பொருத்தம் மாறவில்லை.

நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர், சராசரித் தூரம் 384,400 கிலோமீட்டர். அதாவது தன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 110 மடங்கு தொலைவில் அது இருக்கிறது. ஆகவே லென்ஸின் குவியத்தூரத்தை, அதாவது அதன் மில்லிமீட்டர் எண்ணை, 110ஆல் வகுத்தால், கமராவுக்குள் படம் பதியும் சென்சரில் விழும் நிலாவின் அளவு கிடைக்கும்: 35 மில்லிமீட்டருக்கு 0.3, 200க்கு 1.8, 400க்கு 3.6 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் உயரமுள்ள முழுச்சட்டச் சென்சரில் 0.3 என்பது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். அடிவானத்தில் பெரிதாகத் தோன்றும் நிலா கண்ணின் மயக்கமே என்பதால் கமரா அதற்கு உடன்படாது.

மகனையும் நிலாவையும் சம அளவாக்க வேண்டுமானால், அவனுடைய உயரத்தைப்போல் 110 மடங்கு தூரம் நான் பின்னே போக வேண்டும். 1.3 மீட்டர் உயரமுள்ள அவனுக்கு அது 143 மீட்டர். கடற்கரை அவ்வளவு அகலமில்லை. எனவே அடுத்த போயா தினத்தன்று, கடலை நோக்கி நேராகச் செல்லும் ஓர் ஒழுங்கைக்குள் நடந்து, கமராவை நிலத்தோடு ஒட்டித் தாழ்த்தி வைத்து, 400 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினேன். கவிழ்த்து வைத்திருந்த தோணியின் மேல் மகன் ஏறி நின்றான். நிலா தன் விட்டத்தளவு உயர இரண்டு நிமிடமே ஆகும். அதற்குள், தலை முதல் பாதம் வரை அவன் அந்த வட்டத்துக்குள் அடங்கினான்.

பாலமீன்மடு வெளிச்சவீடு 28 மீட்டர் உயரம். அதற்குச் சமமாக நிலாவைப் பிடிக்க மூன்று கிலோமீட்டர் மேற்கே நிற்க வேண்டும். வாவிப் பக்கம் அத்தகைய திறந்த இடத்தை இப்போது வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.