பித்தளைத் தகட்டின் பின்புறம்

ஜெர்மானிய இராணுவத்தின் பழைய அலங்கார உடைப் பாகங்களைச் சேகரிக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலோர் ஹிட்லர் காலத்தைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். என் சேகரிப்போ 1918-உடன் நின்றுவிடுகிறது. 1871-இல் உருவான ஜெர்மன் பேரரசில் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க் ஆகிய நான்கு முடியரசுகளும் தத்தம் போர் அமைச்சகங்களை வைத்திருந்தன. அதனால் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும் உடையில், அருகில் சென்றால் நான்கு நாடுகள் தெரியும். எனக்குப் பிடித்ததே அந்த வேறுபாடுதான்.

பிக்கல்ஹாவ்பே எனப்படும் கூர்முனைத் தோல் தலைக்கவசத்தையே எடுத்துக்கொள்வோம். பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெட்ரிக் வில்ஹெல்ம் 1842-இல் இதைத் தம் படைக்கு அறிமுகப்படுத்தினார். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்கிற்கு இது பிடிக்கவில்லை. அவர் 1886-இல் இறந்த பிறகுதான் பவேரிய வீரர்கள், உச்சியில் கம்பளிப்பூச்சி படுத்திருப்பதைப் போன்ற பழைய கவசத்தைக் கழற்றினார்கள். முன்தகட்டில் பிரஷ்யாவுக்குக் கழுகு, பவேரியாவுக்கு அரசச் சின்னத்தைத் தாங்கும் சிங்கங்கள், வூர்ட்டெம்பெர்க்கிற்கு ஒரு பக்கம் சிங்கமும் மறுபக்கம் கலைமானும், சாக்சனிக்கு விண்மீன். 1897 முதல் கவசத்தின் வலப்புறம் பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு வட்டமும், இடப்புறம் அந்தந்த நாட்டின் நிறவட்டமும் பொருத்தப்பட்டன. இடப்புறத்தில் சாக்சனி முடியரசின் வெள்ளை-பச்சை-வெள்ளை வட்டம் தெரியும் கவசத்தில் பிரஷ்யக் கழுகு இருந்தால், யாரோ இரண்டு கவசங்களைக் கலந்து ஒன்றாக்கி விற்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

இப்படி ஒட்டுப்போட்ட கவசங்கள் சந்தையில் ஏராளம். ஆகவே எந்தத் தகட்டையும் முதலில் திருப்பிப் பார்க்கிறேன். சாதாரண வீரனின் தகட்டுக்குப் பின்னால் இரண்டு வளையங்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவை தோலில் உள்ள துளைகள் வழியே உள்ளே வந்து, சிறு தோல் ஆப்புகளால் இறுக்கப்படும். அதிகாரியின் தகட்டில் வளையங்களுக்குப் பதிலாகத் திருகுமரை கொண்ட முளைகள் இருக்கும். முன்பக்கத்தில் தங்கமுலாம் பூசியிருப்பார்கள். வளையம் வைத்த தகட்டை அதிகாரியின் தகடு என்று சொல்லி இரட்டிப்பு விலை கேட்பவர்களும் உண்டு. அசல் தகடு மெல்லிய தகட்டிலிருந்து அச்சழுத்தி எடுக்கப்பட்டது என்பதால், முன்பக்கத்தில் புடைத்திருக்கும் ஒவ்வொரு இறகும் பின்பக்கத்தில் குழியாகப் பதிந்திருக்கும். உருக்கி வார்த்த போலியோ கனமாக, பின்புறம் சொரசொரப்பாக இருக்கும். கவசம் முழுமையாகக் கிடைத்தால் தகட்டைக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும்: இரண்டுக்கு நான்காகத் துளைகள் இருந்தால், அங்கே முன்பு வேறொரு தகடு இருந்திருக்கிறது.

தோள்பட்டைத் துணிகளிலும் இதே கதைதான். படைப்பிரிவின் எண்ணைப் பின்னிய தையலின் அடிப்பக்கம் நூறாண்டு அழுக்கோடு ஒரே சீராக மங்கியிருக்க வேண்டும். மேலே பழுப்பேறியும் அடியில் பளிச்சென்றும் இருக்கும் நூலை நான் நம்புவதில்லை. பூச்சி அரித்த ஓட்டைகள் என்னைப் பெரிதாக உறுத்துவதில்லை.

பித்தளையைப் பளபளவென்று தேய்த்து வைப்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். மெருகுப் பசை முலாமையும் கூடவே உரித்துவிடுகிறது; பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. உலர்ந்த மென்துணியே போதும்.

நாஜி காலப் பொருட்களை ஏன் வாங்குவதில்லை என்று கேட்பவர்களுக்கு: ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்கிறது. ஆய்வுக்கும் வரலாற்றுக் கல்விக்கும் விலக்கு உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்க, அந்த நாஜிக் கழுகை என் வீட்டுச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வராது. போலிகள் மலிந்திருப்பதும் அந்தப் பக்கத்தில்தான்.

பலர் ஒதுக்கும் 1915-ஆம் ஆண்டு வகைதான் இப்போது என் ஆசை. போரில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்ததும், தகடும் கூர்முனையும் சாம்பல் நிற இரும்புக்கு மாறின. கூர்முனையைக் கழற்றிவைக்கவும் வழி செய்தார்கள். அடுத்த ஆண்டே எஃகுக் கவசம் வந்துவிட்டது. பளபளப்பு இல்லாததால் விலையும் அடக்கம். பவேரியச் சிங்கங்கள் அந்தச் சாம்பல் இரும்பில் கிடைத்துவிட்டன. வூர்ட்டெம்பெர்க்கின் கலைமான் இன்னும் கிடைக்கவில்லை. விற்பவர்கள் முன்பக்கப் படத்தை மட்டுமே அனுப்புகிறார்கள்.