ப்ரொஜெக்டரும் வரைபடத்தாளும்

கணக்குக்குத் திரை எதற்கு என்று ஆசிரியர் அறையில் நெடுநாள் வாதாடியவன் நான். காரணம் இல்லாமல் இல்லை. 2011-இல் விலையில்லா மடிக்கணினி வந்தபோது எங்கள் மேல்நிலை மாணவர்கள் அதில் முதலில் ஏற்றியது பாட்டும் படமும்தான். 2020-இல் கொரோனாவால் பாடம் வாட்ஸ்அப்புக்குப் போனது; பல வீடுகளில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளை ராத்திரி அனுப்பும் மங்கலான போட்டோவில், எந்த வரியில் தடுமாறினான் என்று தேட வேண்டும். வகுப்பில் என்றால் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாலே தெரிந்துவிடும்.

2019-இல் வந்த புதிய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில், ஸ்கேன் செய்தால் பாடக் காணொலி வரும் க்யூஆர் கோடுகள் இருந்தன. காணொலியைப் போட்டால் வகுப்பு கப்சிப் ஆகிவிடும். தலைமையாசிரியருக்குப் பிடித்த அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கு வகுப்பில் ஒருத்தன்கூடக் குறுக்கே பேசவில்லை என்றால் அங்கே பாடம் நடக்கவில்லை. இதில் இன்றைக்கும் நான் மாறவில்லை.

மாறியது வேறொரு இடத்தில். மாறுதலில் வந்த இளம் ஆசிரியை ஒருவர் ஜியோஜீப்ராவைத் தெரிந்து வைத்திருந்தார். ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் தன் பட்டமேற்படிப்புக்காக உருவாக்கத் தொடங்கிய, வரைபடம் வரையும் கணக்கு மென்பொருள் அது. பள்ளிக்கூடங்கள் காசு கொடுக்காமலேயே பயன்படுத்தலாம். "சார், இருபடிச் சமன்பாட்டு வரைபடம் நடத்துற அன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் கொடுங்க" என்றார். சரி, கொடுத்தேன்.

'எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் 3' என்று போட்டார். அதன் வளைவரையான பரவளையம் எக்ஸ் அச்சை 1-லும் 3-லும் வெட்டியது. கடைசி 3-ஐ மட்டும் நகர்த்தச் சொல்லி ஒரு பையனிடம் மவுஸைக் கொடுத்தார். 4 வந்ததும் வளைவரை மேலேறி, 2 என்ற ஒரே புள்ளியில் அச்சைத் தொட்டு நின்றது. 5-க்குப் போனதும் அச்சை விட்டே எழும்பிவிட்டது. வெவ்வேறு மெய் மூலங்கள், சம மூலங்கள், மெய் மூலங்கள் இல்லை என்று, மூலங்கள் எப்படிப்பட்டவை எனச் சொல்லும் தன்மைகாட்டியை வைத்து நான் மூன்று வரியில் எழுதிப்போடுவது மூன்றும் ஒரே இழுப்பில் வந்தன. கரும்பலகையில் இதற்கு மூன்று அட்டவணை, மூன்று வரைபடம். ஒரு பீரியட் போய்விடும். அப்புறமும் மூன்று தனித்தனிப் படங்கள்தான் இருக்கும், நடுவில் நடப்பது தெரியாது.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "முன்னாடி இருக்கிறதை நகர்த்தினா?" என்றாள். எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால் நிற்கும் எண்ணை, அதாவது அதன் கெழுவைக் குறைக்கக் குறைக்க வளைவரை அகலமாகி, பூஜ்யத்தில் நேர்க்கோடாகி, அதற்கும் கீழே போனதும் கவிழ்ந்தது. முதல் கெழு பூஜ்யமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை வருஷா வருஷம் மனப்பாடமாகச் சொல்ல வைப்போம். ஏன் கூடாது என்று அதுவரை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்கு யாரும் கேட்காமலேயே, "அப்போ அது இருபடியே இல்லையே சார்" என்றார்கள். வகுப்பில் ஒரே சத்தம்.

அதன் பிறகு எது திரைக்கு, எது கைக்கு என்று நான் பிரித்துக்கொண்டேன். நகர்வதற்கும் மாறுவதற்கும் திரை, மவுஸ் பிள்ளைகளிடம். திரையில் காட்டுவதற்கு முன், வளைவரை எந்தப் பக்கம் போகும் என்று நோட்டில் கிறுக்கிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அதுவும் இன்னொரு காணொலியாகிவிடும்.

வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதை மட்டும் திரைக்கு விடுவதில்லை. காம்பஸ் முள் வழுக்குவதும் பென்சில் முனை தடிப்பதால் தொடுகோடு வட்டத்தை வெட்டுவதும் கையால் பழகித்தான் சரியாகும். பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், வடிவியல் வரைதலுக்கு 8, இரண்டும் காகிதத்தில்தான். இதில் அந்த ஆசிரியைக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தொடுகோட்டையும் ஒருதரம் திரையில் நகர்த்திப் பாருங்கள் சார் என்கிறார். தொடுகோடுகள் கிளம்பும் வெளிப்புள்ளியை வட்டத்துக்குள் இழுத்தால் தொடுகோடுகள் மறைந்துவிடுமாம். அடுத்த வாரம் காட்டச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் முதலில் காம்பஸில் வரைந்து முடித்த பிறகு.